பகலில் லாடம், ராத்திரியில் காவல்: ஓர் ஆங்கிலக் கிராமத்துக் கொல்லர் வீட்டின் போர்க்காலம்

1940 மே 14, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்த கையோடு பிரிட்டனின் போர் அமைச்சர் அந்தோனி ஈடன் வானொலியில் பேசினார். ஜெர்மன் படை நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் உள்ளே புகுந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பாராசூட்டில் சிப்பாய்கள் குதித்த கதைதான் எல்லா வீட்டிலும் பேச்சு. 17 வயதிலிருந்து 65 வயது வரை உள்ள, படையில் இல்லாத ஆண்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், சம்பளம் கிடையாது, சீருடையும் ஆயுதமும் தருவோம் என்றார். இருபத்து நாலு மணி நேரத்தில் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அமைச்சர் பேசி முடிப்பதற்குள்ளேயே சில ஊர்களில் காவல் நிலைய வாசலில் ஆள் நின்றதாகச் சொல்வார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவரை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஊர்க் கொல்லர். ஒரு தனி மனிதரின் வாழ்க்கை வரலாறாக இதை எழுதவில்லை. தெற்கு இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் உலை வைத்திருந்த ஒருவரின் வீட்டுக்கு 1939க்கும் 1944க்கும் நடுவில் என்னென்ன வந்து சேர்ந்தது, யார் சுமந்தார்கள் என்ற கணக்குதான் இது. நிஜமான ஓர் ஊரின் நிஜமான கொல்லர் ஒருவரும் உண்டு, அவரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஏன் கொல்லர்? அரசாங்கம் அவரிடம் ஒரே சமயத்தில் இரண்டு பேச்சு பேசியது. "நீ போருக்குப் போகாதே, நீ இல்லாவிட்டால் உழவு நின்றுவிடும்" என்றது ஒரு பேச்சு. "ராத்திரி துப்பாக்கியோடு குன்றின் மேல் நில்" என்றது இன்னொன்று. இரண்டுமே நியாயமானவைதான், இரண்டுக்கும் ஒரே உடம்பு என்பதுதான் சிக்கல். அந்த உடம்பால் முடியாமல் போன மிச்சத்தை வீடு ஈடுகட்டியது. இப்படிப் பெயர் கொடுத்தவர்களால் உருவான ஊர்க்காவல் படையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் துடைப்பக் கட்டையோடு டிரில் செய்த கிழவர்களைக் கிண்டல் செய்வதோடு நின்றுவிடும், இந்தக் கணக்குக்குள் யாரும் போவதில்லை.

முதலில் பகல் வேலை

முதல் உலகப் போரில் நேர்ந்த தப்பு ஒன்று பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு நன்றாக நினைவிருந்தது. 1914ல் கைத்தொழில் தெரிந்தவர்களெல்லாம் உற்சாகத்தில் படையில் சேர்ந்துவிட, பின்னால் பட்டறைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் தேடி அலைய வேண்டியிருந்தது. அதனால் இந்த முறை போர் வருவதற்கு முன்பே, 1938லேயே, யார் யாரையெல்லாம் படைக்கு இழுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஏறத்தாழ 50 லட்சம் ஆண்கள் அதற்குள் வந்தார்கள், கொல்லரும் ஒருவர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வயது வரம்பு வைத்திருந்தார்கள். வரம்பைத் தாண்டியவருக்கு விலக்கு, தாண்டாதவரை எடுத்துக்கொள்வார்கள். அப்பா பட்டறையில் தங்க, அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன் போனது இந்த வரம்பினால்தான்.

பையன் போவது வெறும் பாசப் பிரச்சினை மட்டும் இல்லை. கொல்லு வேலை இரண்டு ஆள் வேலை. ஒருவர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் எங்கே அடிக்க வேண்டும் என்று தட்டிக் காட்ட, எதிரே நிற்பவர் அந்த இடத்தில் சம்மட்டியை இறக்க வேண்டும். சம்மட்டிக்காரன் இல்லையென்றால் பெரிய வேலை எதுவும் ஆகாது, கலப்பைக் கொழுவைத் தட்டித் தீட்டக்கூட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

வேலையோ குறையவில்லை, கூடியது. கப்பலில் வந்துகொண்டிருந்த தானியத்தை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கத் தொடங்கியதும், புல்வெளியை உழுது தானியம் போட்டால் ஏக்கருக்கு 2 பவுண்டு என்று அரசு அறிவித்திருந்த திட்டம் வேகம் பிடித்தது. மாவட்டந்தோறும் போர்க்கால வேளாண் குழு ஒன்றை வைத்து, எந்த வயலை உழ வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். 1944க்குள் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் புல்வெளி உழவுக்கு வந்தது. பல தலைமுறையாக ஏர் படாத, கல் நிறைந்த நிலத்தில் ஏர் போனால் கொழு என்ன ஆகும்? நுனி மழுங்கிப் பட்டறைக்குத்தான் வரும்.

டிராக்டர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்ததுதான். 1939ல் பிரிட்டனில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது, 1946ல் இரண்டு லட்சத்தைத் தொட்டது. ஆனால் போர் தொடங்கியபோது பண்ணைகளில் ஆறு லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருந்தன. அதனால் கொல்லருக்கு இரண்டு பக்கமும் இடி: குதிரைக்கும் லாடம் அடிக்க வேண்டும், டிராக்டருக்குப் பின்னால் பூட்டுவதற்கு ஏற்ப, குதிரை இழுத்த பழைய கருவிகளின் நுகத்தடிப் பகுதியை வெட்டிக் கொக்கி வைத்துக் கொடுக்கவும் வேண்டும். கிராமத் தொழில்களுக்கென்று 1921லேயே தொடங்கிய ஓர் அரசு அமைப்பு கொல்லர்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயதில், தாத்தா காலத்து உலையின் பக்கத்தில், கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு புதுசாக ஒரு தொழிலைக் கற்றவர்கள் உண்டு.

ஒரு லாடம் அடிப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். குதிரை வந்து நிற்கிறது, ஷைர் ஜாதி, உயரம் மனிதத் தலைக்கு மேல். கொல்லர் அதன் கால் பக்கமாகத் திரும்பி நின்று, குளம்பைத் தூக்கித் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தோல் கச்சையின் மேல் வைத்துக்கொள்கிறார். குதிரை தன் பாரத்தில் கொஞ்சத்தை அவர் மேல் சாய்க்கும், அது அதன் குணம். பழைய லாடத்தை நெம்பி எடுத்து, வளர்ந்த குளம்பைக் கத்தியால் சீவி, அரத்தால் சமன் செய்வார். பிறகு உலைக்கு வருவார். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, பட்டடையின் கொம்பில் வைத்து வளைத்து, ஆணிக்குத் துளை போட்டு, அந்தச் சூட்டோடு கொண்டுபோய்க் குளம்பில் ஒரு கணம் வைத்து அழுத்துவார். மஞ்சள் புகை கிளம்பும், மயிர் கருகும் நாற்றம் வரும், குதிரைக்கு வலிக்காது. கருகிய தடத்தைப் பார்த்துத்தான் எந்த இடம் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பது. சரிசெய்து தண்ணீரில் முக்கி, ஆணி அடிப்பார், வழக்கமாக ஏழு: வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. ஆணி சதைக்குள் இறங்கிவிடாமல் குளம்பின் சுவர் வழியாக வெளியே வர வேண்டும், வந்த நுனியை முறுக்கி ஒடித்து மடக்க வேண்டும். இப்படி நாலு கால். அந்த ஜாதிக் குதிரைக்கு லாடம் ஒன்றே இரண்டு கிலோ வரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும்.

சும்மா ஒரு கணக்குக்கு, அந்தக் கொல்லரின் வட்டாரத்தில் 60 குதிரைகள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வாரத்துக்கு 240 லாடம், வாரத்துக்கு 34, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆறு. கலப்பை, வண்டிப் பட்டை, கதவுக் கீல் எல்லாம் அதற்கு மேல். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இருட்டடிப்பு

பட்டறை எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஏதாவதொரு பட்டறைக்குள் போனால் முதலில் தோன்றுவது, ஏன் இவ்வளவு சின்ன ஜன்னல் என்பதுதான். இரும்பின் நிறத்தைப் படிக்க இருட்டு வேண்டும். மங்கிய சிவப்பா, செர்ரிச் சிவப்பா, வைக்கோல் மஞ்சளா என்று பார்த்துத்தான் எப்போது அடிப்பது, எப்போது தண்ணீரில் முக்கித் துவைச்சல் போடுவது என்று முடிவு செய்வார்கள். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும்.

1939 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க இருட்டடிப்பு. ஜன்னலில் கோடு போல வெளிச்சம் தெரிந்தாலே இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் வந்து கதவைத் தட்டுவார், அபராதமும் உண்டு. உலைத் தீ எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. புகையும் சூடும் வெளியேற வேண்டுமென்று அகலத் திறந்து வைத்திருக்கும் இரட்டைக் கதவை இப்போது இருட்டியதும் அடைக்க வேண்டும், ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட வேண்டும், உள்ளே புகையோடு வேக வேண்டும். குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றால், வாசலில் குதிரை நிற்கிறது.

கோடையில் நேர்மாறு. 1941 மே முதல் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் வைத்தார்கள். ஜூனில் ராத்திரி பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. வெளிச்சம் இருக்கும்வரை வயலில் வேலை, வயலில் வேலை இருக்கும்வரை பட்டறையில் வேலை. இருட்டியதும் காவல்.

ராத்திரி வேலை

முதலில் அதன் பெயர் உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் எல்.டி.வி. கையில் கட்ட ஒரு பட்டைத் துணி, அவ்வளவுதான் சீருடை. அந்த மூன்று எழுத்தையும் "பார், குனி, காணாமல் போ" என்று பொருள்படும்படி ஊரார் விரித்துக் கேலி செய்தார்கள். பிரதமர் சர்ச்சிலுக்குப் பெயர் பிடிக்காமல் ஜூலையில் ஹோம் கார்டு என்று மாற்றினார். (நம்மூரிலும் ஊர்க்காவல் படைக்கு ஹோம் கார்டு என்றே பெயர். 1946 டிசம்பரில் பம்பாயில் கலவரத்தை அடக்க உருவானது அது. பெயர் அங்கிருந்து வந்தது, வேலை வேறு.)

முதல் சில வாரங்கள் உண்மையிலேயே கோமாளித்தனமும் ஆபத்தும் கலந்தவை. பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய பிரிட்டிஷ் படை உயிரோடு திரும்பியதே பெரிது, துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தொண்டர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. வேட்டைத் துப்பாக்கி, வைக்கோல் வாரும் முள்கரண்டி, எது இருந்ததோ அதோடு வந்தார்கள். வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டார்கள், ஊர்ப் பெயர்களை மைபூசி அழித்தார்கள், சாலையின் குறுக்கே வண்டியை நிறுத்தி வருகிறவர்களை நிறுத்தச் சொன்னார்கள். நிற்காதவர்களைச் சுட்டார்கள்: ஜூன் தொடக்கத்தில் ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில் நாலு வாகன ஓட்டிகள் இப்படிச் செத்தார்கள். நேற்றுவரை கோழிக்குஞ்சு திருடும் நரியைக் காவல் காத்தவரிடம் துப்பாக்கியும் இருட்டும் பயமும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். இந்தப் பகுதியைச் சிரிப்புக் கதையாக மட்டும் சொல்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

கொல்லருக்கு இங்கே தனி மதிப்பு வந்தது. சாலைத் தடைக்கு ரயில் தண்டவாளத்தை வளைக்க வேண்டும், தாங்க ஒரு கொக்கி, திறந்து மூட ஒரு கீல், எல்லாம் யார் செய்வது? வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவைத் திறந்து, சில்லறைக் குண்டுகளின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, ஒரே கட்டியாகப் பாய்கிற மாதிரி செய்யும் வித்தை அப்போது பல ஊர்களில் நடந்தது. அவர் வயதுக்காரர்களில் பலர் முதல் போரில் இருந்தவர்கள், அதில் பிரான்சின் சேற்றில் பீரங்கி வண்டிக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர்களும் உண்டு. வங்கி மேலாளர் கேப்டனாக நின்று கட்டளையிடலாம், கேட்டின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது கொல்லரைத்தான்.

இந்த இடத்தில் ஈட்டிக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1941 ஜூனில் சர்ச்சில் போர்த் துறைக்கு எழுதினார்: ஒவ்வொரு ஆளிடமும் ஏதாவது ஆயுதம் இருக்க வேண்டும், தண்டாயுதமோ ஈட்டியோ ஆனாலும் சரி. அவர் வேகத்தில் எழுதியதை அதிகாரிகள் வரிக்கு வரி எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாயின் நுனியில் பழைய துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்து இரண்டரை லட்சம் ஈட்டி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு மன்னர் எட்டாம் ஹென்றி காலத்துப் படைக்குப் பொருந்தும். பிரபுக்கள் சபையில் அதற்கு வக்காலத்து வாங்கிய துணை அமைச்சர் க்ராஃப்ட் பிரபுவின் பெயரிலேயே அது கேலிப்பொருளானது. பெரும்பகுதி கிடங்கை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு கிராமத்துக்கு அது வந்து, பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னால் அந்த ஊர்க் கொல்லர் என்ன நினைத்திருப்பார்? கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதை என்பது இதைத்தான். இதைவிட நல்ல ஈட்டியை ஒரு மத்தியானத்தில் அவரே அடித்திருப்பார், பற்றவைப்பு விட்டுப்போகாமலும் இருந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால் ஆயுதங்கள் மெல்ல மெல்ல வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த துப்பாக்கிகளுக்குப் பிரிட்டிஷ் தோட்டா சேராது, மாற்றிப் போட்டுவிடக் கூடாதென்று சிவப்புப் பட்டை பூசிக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாஸ்பரஸ் அடைத்த எறிகுண்டுகள் வந்தன. உடைந்தால் தானே தீப்பிடிக்கும் என்பதால் குளிர்ந்த இடத்தில் புதைத்து வைத்தார்கள். எங்கே புதைத்தோம் என்பது மறந்து, இன்றும் வீடு கட்டத் தோண்டும்போது பெட்டியோடு கிடைக்கிறது, வெடிகுண்டு நிபுணர்கள் வருகிறார்கள். பிளாக்கர் பொம்பார்ட் என்றொரு குண்டெறி கருவியை நிறுத்த, நடுவில் எஃகு முளை பதித்த கான்கிரீட் மேடைகள் கட்டினார்கள். கருவி போய்விட்டது, மேடை சில வயலோரங்களில் இன்னும் நிற்கிறது.

செப்டம்பர் 7

1940 ஜூன் 13 முதல் தேவாலய மணி அடிக்கத் தடை. எதிரி இறங்கினால் மட்டுமே மணி. செப்டம்பர் 7 சனிக்கிழமை லண்டன் மேல் முதல் பெரும் குண்டுவீச்சு நடந்த அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்தில், கிழக்கு, தெற்குப் படைத் தலைமையகங்களுக்கு "க்ராம்வெல்" என்ற குறிச்சொல் போனது. படையெடுப்பு நெருங்கிவிட்டது, தயாராக இரு என்பது பொருள். ஆனால் எதிரி வந்தே விட்டான் என்று சில ஊர்க்காவல் படையினர் எடுத்துக்கொண்டு மணியை அடித்துவிட்டார்கள்.

அந்த ராத்திரியை அந்த வீட்டின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஆண் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சாலைத் தடைக்கு ஓடுகிறார். மணி அடிக்கிறது, எப்போது நிற்கும் என்று தெரியாது. வீட்டில் மனைவி, சின்னப் பிள்ளைகள், அநேகமாக லண்டனிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா அந்த நேரம் எரிந்துகொண்டிருக்கும் நகரத்தில். உலையை அணைத்தாயிற்றா என்று பார்ப்பதும் அவள்தான். ஜெர்மானியர் வரவில்லை. விடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் திரும்பி வந்து தூங்கியிருப்பார்கள். அவளுக்கு அடுப்பு வேலை இருந்தது.

வீடு

1939 செப்டம்பரின் முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து கிராமத்துக்கு அனுப்பினார்கள். தனியாக வந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். மாட்டேன் என்று சொல்ல முடியாது, இடம் இருந்தால் வைத்தாக வேண்டும்.

1940 ஜனவரி 8ல் பேக்கன் என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன். 1941 ஜூன் 1ல் துணிக்கு. 1942 பிப்ரவரியில் சோப்புக்கு. இந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன். கொல்லர் வீட்டுத் துணி எப்படியிருக்கும்? கரி, குளம்புப் பொடி, குதிரை வியர்வை, தீப்பொறி பட்ட ஓட்டை. அதோடு ஊர்க்காவல் படையின் முரட்டுக் கம்பளிச் சீருடை, வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி பள்ளத்தில் படுத்துவிட்டு வரும். சோப்புக் கூப்பனைத் திட்டமிட்ட அதிகாரிக்குத் தலைக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு, தலைக்கு மேல் படிந்த கரி அவர் கணக்கில் வராது.

கணக்கு நோட்டும் பெரும்பாலும் மனைவி கையில்தான். விவசாயிகள் கைக்காசு கொடுப்பது அரிது, நோட்டில் எழுதிவைத்து ஆண்டுக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ தீர்ப்பார்கள். எந்தக் குதிரை என்றைக்கு வந்தது, பழைய லாடத்தையே திருப்பி அடித்ததா புதுசா என்பதெல்லாம் எழுதியாக வேண்டும். அவர் காவலுக்குப் போய்த் தூங்கி வழிகிற நாளில் துருத்தி ஊதவும் ஒரு ஆள் வேண்டும்.

1941 டிசம்பரில் இன்னொரு சட்டம். ஆண்களைக் கட்டாயச் சேவைக்கு அழைக்கும் வயது 51 வரை உயர்ந்தது, 20 முதல் 30 வயது வரையுள்ள திருமணமாகாத பெண்களும் அதற்குள் வந்தார்கள். பையன் ஏற்கெனவே போயாயிற்று, இப்போது மகளும் படைத் துணைப் பிரிவுக்கோ தொழிற்சாலைக்கோ பண்ணை வேலை செய்யும் பெண்கள் நிலப் படைக்கோ போக வேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் நடுத்தர வயதைத் தாண்டிய இருவரும், அடுத்தவர் பிள்ளைகளும்.

அதே சட்டம் ஊர்க்காவல் படையையும் மாற்றியது. அதுவரை பதினாலு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து யாரும் விலகலாம். வீட்டு வேலைக்காரப் பெண் வேலையை விடுகிற மாதிரி என்று அந்த விதிக்குக் கிண்டல் பெயர் வைத்திருந்தார்கள். 1942 தொடக்கத்தில் அது போயிற்று. மாதத்துக்கு 48 மணி நேரம் வரை பயிற்சிக்கும் காவலுக்கும் கூப்பிடலாம், வராவிட்டால் 10 பவுண்டு அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை.

மேலே போட்ட கணக்குக்கு இப்போது வாருங்கள். 48 மணி நேரம் என்பது அந்தக் காலத்தில் ஒரு முழு வேலை வாரம். நாலு வாரம் உள்ள மாதத்தில் அவரிடமிருந்து ஐந்தாவது ஒரு வாரத்தைக் கேட்டார்கள். ஆனால் குதிரைகள் 60 என்றால் 60தான், வாரத்துக்கு 34 லாடம் என்றால் 34தான், குளம்பு வளர்வதை யாரும் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. அந்த வாரம் எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து வந்தது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்தது, காய்கறித் தோட்டத்தில் அவர் பிடிக்க வேண்டிய மண்வெட்டியை அவள் பிடித்ததிலிருந்து வந்தது. போரின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது ஏறாது. ஊர்க்காவல் படையின் பலம் 17 லட்சம் பேர் என்று எழுதுவார்கள், அதன் பின்னால் சோறு கட்டிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கை கிடையாது.

பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று எடித் சம்மர்ஸ்கில் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1943 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டார்கள்: துணைப் பணிக்கு மட்டும், சீருடை இல்லை, நெஞ்சில் குத்த ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ். சமைப்பது, எழுதுவது, தொலைபேசி எடுப்பது. மூன்று வருஷமாக வீட்டில் செய்ததையே இப்போது பேட்ஜோடு செய்யலாம் என்றார்கள்.

மனைவிக்கும் தெரியாதது

சில வீடுகளில் இன்னொரு அடுக்கு இருந்தது. 1940 கோடையில் காலின் கப்பின்ஸ் என்ற ராணுவ அதிகாரியின் கீழ் துணைப் பிரிவுகள் என்று சாதுவான பெயரில் ஒரு ரகசிய அமைப்பு உருவானது. எதிரி இறங்கி ஊரைக் கடந்து போன பிறகு, மண்ணுக்கு அடியில் ஒளிந்திருந்து, ராத்திரியில் வெளியே வந்து பாலத்தையும் எண்ணெய்க் கிடங்கையும் தகர்ப்பது அதன் வேலை. நாலு முதல் எட்டுப் பேர் ஒரு குழு. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு பேர் அளவில். வட்டாரத்தை இருட்டிலும் அறிந்த ஆட்களாகப் பார்த்து எடுத்தார்கள்: விவசாயிகள், வேட்டைக் காவலர்கள், அந்தக் காவலர்களிடம் மாட்டாமல் முயல் பிடித்தவர்கள், ஊர்க் கைத்தொழிலாளிகள். பயிற்சி கோல்ஸ்ஹில் என்ற மாளிகையில். அங்கே போக வேண்டியவர் முதலில் பக்கத்தில் ஹைவொர்த் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போய், தபால் அலுவலர் அம்மாவிடம் தன்னைக் காட்ட வேண்டும். அவர் உள்ளே போய்த் தொலைபேசியில் பேசி, வண்டி வரவழைப்பார்.

வெளியே பார்த்தால் எல்லாம் ஊர்க்காவல் படைச் சீருடைதான். ரகசியக் காப்புச் சட்டத்தில் கையெழுத்து. மனைவியிடமும் சொல்லக் கூடாது. படையெடுப்பு நடந்திருந்தால் இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு, சாப்பாடும் அவ்வளவுக்குத்தான் வைத்தார்கள். ராத்திரி மூன்று மணிக்கு முழங்கால்வரை மண்ணோடு வரும் புருஷனிடம் மனைவி என்ன கேட்டிருப்பாள், அவர் என்ன பொய் சொல்லியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. அந்தப் பொய்யைப் பல பேர் சாகும்வரை திருத்தவில்லை.

கலைத்தது

1944 டிசம்பர் 3, ஞாயிறு. லண்டன் ஹைட் பார்க்கில் நாடெங்கிலுமிருந்து வந்த ஏழாயிரம் பேர் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் அணிவகுத்தார்கள், அதோடு ஊர்க்காவல் படையின் வேலை முடிந்தது. ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட அவர்கள் காத்த சாலையில் நடந்து வரவில்லை. ஆனாலும் பணியில் 1,206 பேர் இறந்திருந்தார்கள். குண்டுவீச்சில், பயிற்சியில், எறிகுண்டு கைதவறி, இப்படி.

எல்லோருக்கும் மன்னர் கையெழுத்து அச்சிட்ட ஒரு சான்றிதழ் வந்தது. நாடு பேராபத்தில் இருந்தபோது தன் நேரத்தையும் ஆற்றலையும் தாராளமாகக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கும். நேரம் என்ற சொல்லை முதலில் வைத்தது யாரோ தெரிந்தவர்தான். பெயர் போட ஒரு கோடு விட்டிருந்தார்கள், ஒரு பெயருக்குத்தான் அதில் இடம்.

இம்பர்

கடைசிக்கு வைத்திருந்தவரிடம் வருகிறேன். வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளியின் நடுவில் இம்பர் என்றொரு ஊர், எந்த நகரத்திலிருந்தும் ஏழு மைல் என்று அந்த ஊரைப் பற்றி ஒரு பழைய பாட்டே உண்டு. 1931 கணக்கெடுப்பில் 152 பேர். சுற்றியிருந்த நிலத்தையும் வீடுகளில் பெரும்பாலானவற்றையும் போருக்கு முன்பே ராணுவம் வாங்கி, மக்களையே குடியிருக்க விட்டிருந்தது. 1943 நவம்பர் 1ல் பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்: அமெரிக்கப் படை தெருச் சண்டை பழக இந்த ஊர் வேண்டும், டிசம்பர் 17க்குள் காலி செய்யுங்கள். 47 நாள். போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே உலை வைத்திருந்த கொல்லர், செய்தி கேட்டபின் பட்டறையில் பட்டடைமேல் கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். வேறு ஊருக்குக் குடிபோனார், சில வாரங்களில் இறந்துபோனார். நெஞ்சு உடைந்து செத்தார் என்றே ஊரில் பேச்சு. மருத்துவக் காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு கொல்லருக்குப் பட்டறை என்றால் நாலு சுவர் மட்டும் இல்லை. எந்தக் குதிரை எந்தக் காலை உதறும், எந்த விவசாயி எந்த மாதம் காசு கொடுப்பார், எந்த வயலில் கொழு தேயும் என்று நாற்பது வருஷமாகச் சேர்த்த அறிவு அந்த ஊரில்தான் செல்லும். அடுத்த ஊரில் ஏற்கெனவே ஒரு கொல்லர் இருப்பார்.

போர் முடிந்தும் ஊரைத் திருப்பித் தரவில்லை. 1961 ஜனவரியில் இரண்டாயிரம் பேர் திரண்டு போய்க் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இன்றும் அது ராணுவப் பயிற்சி இடம்தான். வருஷத்தில் சில நாட்கள் மட்டும் சாலையைத் திறந்துவிடுகிறார்கள், ஆகஸ்ட்டில் ஒரு நாள் லண்டனின் பழைய சிவப்பு மாடிப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே போகின்றன. வீடுகளில் பெரும்பாலானவை இல்லை. தேவாலயம் இருக்கிறது. அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது அதன் முற்றத்தில்தான், ஊரை விட்டுப் போன பிறகு அவர் திரும்பி வந்தது அந்த ஒரு தடவை.